பழைய செயின்சா ஓட மறுக்கிறதா? அறிகுறியை வைத்துக் கோளாறைப் பிடிக்கும் வழி

2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் டெல்டாப் பக்கத்துத் தென்னைகளைச் சாய்த்துப் போட்டபோது ஊருக்கு நாலைந்து செயின்சா வந்து இறங்கியது. வேலை முடிந்ததும் டேங்கில் இருந்த பெட்ரோலைக்கூட வடிக்காமல் பரணில் ஏற்றிவிட்டார்கள். அதற்கும் வெகுகாலம் முந்தி மரவாடிக்காரர்களும் தோப்பு வியாபாரிகளும் வைத்திருந்த ஸ்டில் 070 மாதிரியான கனத்த மிஷின்கள் சில கொட்டகைகளில் இன்னும் கிடக்கின்றன. என் வீட்டுக் கொல்லையில் இருக்கும் சின்னப் பட்டறையில் நான் பிரித்து மாட்டுவது பெரும்பாலும் இந்த இரண்டு ரகம்தான்.

"எல்லாம் போச்சுண்ணே, இரும்புக்கடைக்குத்தான்" என்று சொல்லித்தான் கொண்டுவந்து போடுவார்கள். பெட்ரோல் டியூபும் கார்புரேட்டருக்குள் இருக்கும் மெல்லிய சவ்வான டயாபிரமும் மாற்றியதும் எழுந்து நின்ற மிஷின்கள் அவற்றில் நிறைய. நன்றாகச் சரிசெய்திருக்கக்கூடியதை ஒரே ஒரு பழக்கத்தால் கொன்ற கதையும் உண்டு. மிஷின் எப்படி ஓடினாலும் முதலில் கார்புரேட்டர் ஸ்க்ரூவைத் திருப்பிப் பார்க்கும் பழக்கம் அது. அந்த ஸ்க்ரூவைக் கடைசியில்தான் தொட வேண்டும். ஏன் என்பதைக் கீழே ஐடில் பற்றிய பகுதியில் விரிவாகச் சொல்கிறேன்.

எதைத் தொடும் முன்பும்

செயின் ஓடும் நீளத் தகடான பாரையும் செயினையும் கழற்றி வைத்துவிடுங்கள். பிளக் தொப்பியை உருவிவிடுங்கள். டேங்க் மூடியைத் திறந்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை போய் வார்னிஷ் வாடை அடித்தால் அந்தப் பெட்ரோலைக் கொண்டு எந்தச் சோதனையும் செய்யாதீர்கள், கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுங்கள். பெட்ரோலில் கலக்கும் ஆயில் சாதாரண டூ-டி என்றால் ஒரு லிட்டருக்கு 40 மில்லி, அதாவது 25-க்கு 1. கம்பெனியே 50-க்கு 1 என்று எழுதிய நல்ல ஆயிலாக இருந்தால் 20 மில்லி போதும். இப்போது பங்கில் கிடைப்பது 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பருக்கு அது ஆகாது. ஈரம் இழுத்தால் எத்தனாலும் தண்ணீரும் சேர்ந்து அடியில் தங்கிவிடும். அதனால் ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

அடுத்து சைலன்சரைக் கழற்றுங்கள், இரண்டு மூன்று போல்ட்தான். கயிற்றை மெல்ல இழுத்து பிஸ்டனை ஏற்றி இறக்கியபடி டார்ச் அடித்து அந்த ஓட்டை வழியாகப் பாருங்கள். பிஸ்டன் பக்கவாட்டில் வழுவழுவென்று, உருட்டிய தடம் மட்டும் தெரிந்தால் நல்ல செய்தி. மேலிருந்து கீழாகக் கீறல்கள் ஓடினால், ரிங் பள்ளத்தில் அலுமினியம் தேய்ந்து அப்பியிருந்தால், மற்ற சோதனைகளுக்கு முன் சிலிண்டரைக் கழற்ற வேண்டியதுதான். இந்த ஐந்து நிமிடத்தைச் செலவிடாமல் கார்புரேட்டருக்கு நாள் முழுக்கச் செலவழித்தவர்களை எனக்குத் தெரியும்.

கயிறு இழுபடவே இல்லை

ஸ்டார்ட்டர் மூடியைக் கழற்றித் தனியாக இழுத்துப் பாருங்கள். அப்போதும் இறுகி நின்றால் ஸ்பிரிங்கிலோ கயிற்றிலோதான் கோளாறு. தனியாக இழுபட்டால் எஞ்சின் பிடித்திருக்கிறது. பிளக்கைக் கழற்றி ஓட்டையில் டீசலும் டூ-டி ஆயிலும் பாதிக்குப் பாதி கலந்து ஒரு கரண்டி ஊற்றி இரண்டு நாள் விடுங்கள். அப்புறம் மேக்னெட் சக்கரத்தின் நட்டில் ஸ்பேனர் போட்டு முன்னும் பின்னும் மெதுவாக அசையுங்கள். துரு பிடித்து நின்றது பெரும்பாலும் இப்படி விடும். சுத்தியலுக்கு இங்கே வேலையில்லை. இந்த மிஷின்களின் உடல் பெரும்பாலும் மெக்னீசியம் கலவை, தட்டினால் விரிசல் விடும். அதே காரணத்துக்காக அந்த உடலை கிரைண்டரில் தேய்த்துப் பொறி பறக்கவும் விடாதீர்கள். மெக்னீசியத் தூள் பற்றிக்கொண்டால் தண்ணீர் ஊற்றி அணைக்க முடியாது.

எத்தனை இழுத்தாலும் ஒரு வெடிகூட இல்லை

முதலில் பொறி. பிளக்கைத் தொப்பியில் மாட்டி அதன் உலோகப் பகுதியை சிலிண்டர்மேல் வைத்து, நிழலில், கயிற்றை இழுங்கள். பிளக் ஓட்டையிலிருந்து தள்ளி வையுங்கள், உள்ளே நிற்கும் பெட்ரோல் ஆவி பற்றக்கூடும். நீலப் பொறி 'சட்'டென்று வந்தால் சரி. பொறி இல்லையென்றால் காயிலைக் குறை சொல்வதற்கு முன் ஸ்விட்சிலிருந்து வரும் ஒற்றை ஒயரைக் காயிலிலிருந்து கழற்றிவிட்டு மறுபடி இழுங்கள். நைந்த அந்த ஒயர் உடலில் பட்டுக்கொண்டிருந்தால் மிஷின் எப்போதும் 'ஆஃப்' நிலையில்தான் இருக்கும்.

பழைய 070-களில் பொறிக்காக மின்சாரத்தை விட்டு விட்டு அறுக்கும் பாயிண்டும் கண்டன்சரும்தான். டிவிஎஸ் 50 பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. வருடக்கணக்கில் சும்மா கிடந்த மிஷினில் பாயிண்ட் முகத்தில் ஒரு மங்கலான படலம் படிந்திருக்கும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியாது, ஆனால் மின்சாரம் கடக்காது. மெல்லிய உப்புத்தாளை ஒருமுறை இழுத்துவிட்டு, பெட்ரோலில் நனைத்த வெள்ளைக் காகிதத் துண்டைப் பாயிண்டுக்கு நடுவில் வைத்து உருவுங்கள். கறுப்புக் கோடு வராத வரை உருவ வேண்டும். பாயிண்ட் முழுதாகத் திறந்த நிலையில் இடைவெளி 0.3 முதல் 0.4 மி.மீ.க்குள் இருக்கட்டும். காயில் வெளியே இருக்கும் ரகங்களில் அதன் கால்களுக்கும் மேக்னெட் சக்கரத்துக்கும் நடுவே விசிட்டிங் கார்டு ஒன்றைச் செருகி, கார்டோடு சேர்த்துக் காந்தம் இழுத்துப் பிடித்திருக்கும்போதே ஸ்க்ரூவை இறுக்குங்கள். சுமார் 0.3 மி.மீ. இடைவெளி தானாக வந்துவிடும்.

பொறி இருக்கிறது, பிளக் நனைந்திருக்கிறது, இழுக்கும்போது கயிறு கையைப் பிடுங்கிக்கொண்டு திரும்ப அடிக்கிறது என்றால் மேக்னெட் சக்கரத்தைக் கழற்றிப் பாருங்கள். கிராங்கில் அதை நிறுத்தும் குட்டிக் கீ அறுந்து, டைமிங் நகர்ந்திருக்கும்.

பொறி உண்டு, பிளக் காய்ந்து கிடக்கிறது என்றால் பெட்ரோல் மேலே வரவில்லை. டேங்குக்குள் இருக்கும் டியூபைக் கொக்கிக் கம்பியால் வெளியே இழுங்கள். கஜா காலத்து மிஷின்களில் அது பெரும்பாலும் கையோடு துண்டு துண்டாக வரும். கடினமாகிப்போன டயாபிரமும் இங்கேதான் அகப்படும். கார்புரேட்டரின் அடி மூடியைத் திறந்து, டயாபிரத்தைக் காதருகே வைத்து விரலால் சுண்டுங்கள். புது டயாபிரம் துணிபோல மடங்கும், சத்தமே வராது. செத்த டயாபிரம் உலர்ந்த இலைபோலச் சரசரக்கும். கிட் வாங்கி மாற்றும்போது ஊசி நிற்கும் நெம்புகோலின் உயரத்தைப் பழையபடியே வையுங்கள், வளைத்துவிடாதீர்கள்.

பொறியும் இருக்கிறது, பெட்ரோலும் வருகிறது, அப்போதும் சத்தமில்லையா? ஸ்டார்ட்டர் கைப்பிடியைப் பிடித்து மிஷினைத் தொங்கவிடுங்கள். நல்ல கம்ப்ரஷன் இருந்தால் ஒவ்வொரு அழுத்தத்திலும் நின்று நின்று, படி இறங்குவதுபோல இறங்கும். வழுக்கிக்கொண்டு தரைக்கு வந்தால் ரிங் தேய்ந்தது. கேஜ் இருந்தால் நாலைந்து இழுப்பில் 120 பிஎஸ்ஐக்கு மேல் நின்றால் கவலையில்லை. 90-க்குக் கீழே என்றால் ஸ்டார்ட் ஆவதே பெரும்பாடு.

ஸ்டார்ட் ஆகிறது, ஆனால் ஐடில் நிலையாக இல்லை: தானாக ஏறுகிறது, ரேஸை விட்டபின்னும் இறங்க மறுக்கிறது

இந்த அறிகுறிக்காகத்தான் இந்தக் கட்டுரையே எழுதினேன்.

கொட்டகையிலிருந்து மீட்ட ஒரு 070-ஐ முதல்முறை ஓடவிட்டபோது ஐடில் நன்றாகத்தான் இருந்தது. அரை நிமிடத்தில் மெல்ல ஏறத் தொடங்கியது. மிஷினைப் பக்கவாட்டில் சாய்த்தால் இன்னும் ஏறியது. நான் கார்புரேட்டரில் ஐடிலுக்கான 'எல்' ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் திறந்து பெட்ரோலைக் கூட்டினேன். அடங்கிவிட்டது, மகிழ்ச்சியாக ஒரு புளியங்கட்டையில் வைத்தேன். மூன்றாவது வெட்டில் சத்தம் கிறீச்சென்று மேலே போய், ஒரு நொடி கனத்து, அப்படியே நின்றுவிட்டது. சைலன்சரைக் கழற்றிப் பார்த்தேன். பிஸ்டனின் சைலன்சர் பக்கம் முழுக்க நெடுக்குக் கீறல், ரிங் பள்ளத்தில் பிதுங்கிப்போய் ஒட்டிக்கொண்டது. காரணம் மேக்னெட் பக்கத்தில் கிராங்கைச் சுற்றி அடைக்கும் ரப்பர் வளையமான ஆயில் சீல். வெளியில் எடுத்தபோது உதடு பிளாஸ்டிக்போலக் கடினமாக, கிராங்கைத் தொடாமல் நின்றது. விரலால் அழுத்தினேன், வளையவே இல்லை.

நடந்தது இதுதான். டூ-ஸ்ட்ரோக் எஞ்சினில் கிராங்க் அறையும் மூச்சு வாங்கும் அறைதான். கார்புரேட்டர் வழியாகப் பெட்ரோலும் ஆயிலும் சேர்ந்த காற்று மட்டுமே அங்கே வர வேண்டும். சீல், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள ரப்பர், சிலிண்டரின் அடி பேக்கிங் என்று எங்கே ஓட்டை இருந்தாலும் வெறும் காற்று நுழையும். கலவை மெலியும், எஞ்சின் வேகமும் சூடும் ஏறும். பெட்ரோல் குறைந்தால் அதோடு வரும் ஆயிலும் குறைகிறது. ஸ்க்ரூவைத் திறந்து நான் ஐடிலில் மறைத்த ஓட்டை, முழு ரேஸில் பாரம் ஏறியபோது பிஸ்டனைத் தின்றுவிட்டது.

ஆகவே இந்த அறிகுறி வந்தால் ஸ்க்ரூவில் கை வைக்காமல் காற்றுச் சோதனை செய்யுங்கள். இதற்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை, ரத்த அழுத்தம் பார்க்கும் கையடக்க பல்பும் மீட்டரும் போதும். கார்புரேட்டரைக் கழற்றி, அது இருந்த இடத்தில் கெட்டியான அலுமினியத் தகடு ஒன்றை, சைக்கிள் டியூபில் வெட்டிய ரப்பரை பேக்கிங்காக வைத்து இறுக்குங்கள். தகட்டில் துளை போட்டு ஒரு நிப்பிள் பொருத்தி பல்பின் டியூபை மாட்டுங்கள். சைலன்சர் ஓட்டையையும் அதேபோல ரப்பரும் தகடும் வைத்து அடையுங்கள். பிளக் மாட்டியிருக்கட்டும், பிஸ்டன் மேலே நிற்கட்டும். அப்போதுதான் காற்று உள்வழி திறந்திருக்கும். கார்புரேட்டருக்குத் துடிப்புக் கொண்டுபோகும் சிறு குழாய் தனியாக இருந்தால் அதையும் அடையுங்கள். பிறகு மீட்டர் 300-க்கு வரும்வரை அமுக்குங்கள். 300 மி.மீ. பாதரசம் என்பது சுமார் 0.4 பார். எஞ்சினுக்குத் தீங்கில்லாத அழுத்தம் இது.

முள் ஒரு நிமிடம் அசையாமல் நின்றால் எஞ்சின் நல்லது. இறங்கினால் சோப்புத் தண்ணீரைப் பெயின்ட் பிரஷ்ஷில் தொட்டுத் தடவுங்கள். சீல் உதட்டில், ரப்பரின் மடிப்பில், சிலிண்டர் அடியில், பிளக்கைச் சுற்றி, எங்கே குமிழி வருகிறதோ அங்கேதான் ஓட்டை. மேக்னெட்டையும் கிளட்சையும் கழற்றாமல் சீல்களைப் பார்க்க முடியாது, சோம்பல்பட வேண்டாம். அழுத்தத்தில் பிடிக்கிற சீல் சில நேரம் உறிஞ்சும்போது விட்டுவிடும். அதனால் கைப் பம்பு கிடைத்தால் வெற்றிடச் சோதனையும் ஒருமுறை செய்யுங்கள்.

கிளட்சைக் கழற்றும்போது ஒரு எச்சரிக்கை. பெரும்பாலான செயின்சாக்களில் அது இடது மரை, கடிகாரம் சுற்றும் திசையில் திருப்பினால்தான் கழலும். கிளட்ச்மேல் அம்புக்குறி இருக்கிறதா பாருங்கள். பிஸ்டனைத் தடுத்து நிறுத்த, பிளக் ஓட்டை வழியாகப் பருத்திக் கயிற்றை உள்ளே திணியுங்கள். கயிற்றின் மறுமுனை வெளியே இருக்கட்டும், சிலிண்டர் ஓட்டைகளில் சிக்காமல் பிஸ்டன் மேலே ஏறிய பிறகு திணியுங்கள். சீல் வாங்க பேரிங் கடைக்குப் பழையதைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள். அதன்மேல் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் என்று மூன்று எண்கள் பொறித்திருக்கும். புதியதை மாட்டுமுன் உதட்டில் துளி ஆயில் தடவுங்கள், காய்ந்த உதடு முதல் ஸ்டார்ட்டிலேயே கிழியும். சீல் மாற்றியும் கிராங்கை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறது என்றால் பேரிங் போயிருக்கிறது. ஆடும் கிராங்கில் எந்தச் சீலும் நிற்காது.

கீறிய சிலிண்டரை என்ன செய்வது

லேத்துப் பட்டறைக்கு எடுத்துப்போய் 'ஓவர்சைஸ் போர் பண்ணித் தாங்க' என்று கேட்காதீர்கள். டிவிஎஸ் 50-இல் இரும்பு ஸ்லீவ், அதைக் கடையலாம். செயின்சா சிலிண்டர் அலுமினியம். உள்ளே குரோமியமோ நிக்கல்-சிலிக்கன் கார்பைடோ பூசிய மெல்லிய தோல்தான் இருக்கும். கடைந்தால் அந்தத் தோல் போய்விடும், சிலிண்டர் அதோடு தீர்ந்தது.

பெரும்பாலும் கீறலாகத் தெரிவது பிஸ்டனின் அலுமினியம் சுவரில் அப்பியது. வெளியில், காற்றோட்டத்தில், கையுறையும் கண்ணாடியும் போட்டுக்கொண்டு, கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தைக் காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு அப்பிய இடத்தில் மட்டும் தடவுங்கள். நுரைக்கும். நுரை நின்றால் துடைத்துவிட்டு மறுபடி தொடுங்கள். ஓட்டைகளின் விளிம்பில் அலுமினியம் வெறுமையாக நிற்கும், அங்கே படாமல் பார்த்துக்கொள்ளுங்கள். முடிந்ததும் நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவி உடனே ஆயில் தடவுங்கள். நகத்தைக் குறுக்கே ஓட்டிப் பாருங்கள். எங்கும் தட்டாவிட்டால் மெல்லிய உப்புத்தாளால் குறுக்குக் கோடு லேசாக இழுத்து, புது பிஸ்டனும் ரிங்கும் போடலாம். தோல் உரிந்து அடி அலுமினியம் தெரிந்தால் வேறு சிலிண்டர்தான்.

ரிங்கை முதலில் சிலிண்டரில் தனியாக நேராக நுழைத்து வாய் இடைவெளியைப் பாருங்கள், சுமார் 0.3 மி.மீ. இருந்தால் போதும். பிஸ்டன் தலையிலுள்ள அம்பு சைலன்சர் பக்கம் பார்க்கட்டும். அந்த 070-க்கு நான் இதையெல்லாம் செய்து மாட்டியபின் காற்றுச் சோதனையில் முள் நின்ற இடத்திலேயே நின்றது. அதற்குப் பிறகுதான் ஸ்க்ரூவைத் தொட்டேன்.

ரேஸ் கொடுத்தால் தொண்டை அடைத்து அணைகிறது

ஓட்டை இல்லை என்று உறுதியானபின் கார்புரேட்டரைச் சீராக்கும் நேரம் இது. ஐடிலுக்கான 'எல்', முழு ரேஸுக்கான 'எச்' இரண்டு ஸ்க்ரூவையும் மெல்ல உட்காரும்வரை மூடி, ஒவ்வொன்றையும் ஒரு சுற்றுத் திறந்து தொடங்குங்கள். ஐடிலிலிருந்து சட்டென்று எழும்வரை 'எல்'லைத் திருத்துங்கள். ஹஸ்க்வர்னா 61 போன்றவற்றில் 'எச்'சைக் காதால் வைக்கலாம். பாரமில்லாமல் முழு ரேஸில் சத்தம் கொஞ்சம் குழற வேண்டும், மரத்தில் வைத்ததும் தெளிய வேண்டும். பாரமில்லாமலே தெளிந்து வீறிட்டால் கலவை மெலிந்திருக்கிறது, உடனே திறந்துவிடுங்கள். ஸ்க்ரூவே பலிக்காவிட்டால் சைலன்சர் வாயிலுள்ள கம்பி வலையில் கரி அடைத்திருக்கிறதா பாருங்கள். எத்தனையோ மிஷின்களுக்கு அதை நெருப்பில் காட்டித் தட்டியதுதான் வைத்தியம்.

பத்து நிமிடம் ஓடி நின்றுவிடுகிறது

நின்றவுடன் டேங்க் மூடியைத் தளர்த்துங்கள். 'புஸ்'ஸென்று காற்று உள்ளே போய் மறுபடி ஸ்டார்ட் ஆனால் டேங்கின் காற்றுத் துளை அடைத்திருக்கிறது. அப்படியில்லையென்றால் நின்ற அந்த நிமிடத்திலேயே பொறி சோதியுங்கள். குளிர்ந்தால் பொறி, சூட்டில் இல்லை என்றால் காயில். சூட்டிலும் பொறி இருந்து, இழுப்பு மட்டும் லேசாகிவிட்டால் ரிங்.

ஐடிலில் செயின் சுற்றுகிறது

ஐடில் சரியாக இருந்தும் சுற்றினால் கிளட்ச் ஸ்பிரிங் நீண்டிருக்கிறது, மாற்றுங்கள். தள்ளிப்போடாதீர்கள். ஹஸ்க்வர்னா தானியங்கிச் செயின் பிரேக்கைக் கொண்டுவந்தது 1973-இல். அதற்கு முந்தைய வடிவமைப்பில் வந்த 070-களில் பெரும்பாலும் அது இல்லை. பாரும் செயினும் இல்லாமலே பத்துக் கிலோவுக்கு மேல் எடையுள்ள மிஷின் முகத்தை நோக்கி எகிறினால் தடுக்க எதுவும் கிடையாது. பார் நுனியின் மேல்பாதி எதிலும் படக்கூடாது. அறுக்கும்போது உங்கள் தலை பாரின் நேர்க்கோட்டில் இருக்கக்கூடாது.

எஞ்சின் ஜோராக ஓடுகிறது, ஆனால் அறுக்கவில்லை

மரத்தூளைப் பாருங்கள். சீவல் சீவலாக விழுந்தால் செயின் நல்லது, மாவாக விழுந்தால் மழுங்கியது. 070-இல் வருவது பெரும்பாலும் .404 இஞ்ச் செயின், அதற்கு 5.5 மி.மீ. வட்ட அரம். .325 செயினுக்கு 4.8. முப்பது டிகிரிக் கோணத்தில், வெளிப்பக்கமாகத் தள்ளும்போது மட்டும் அழுத்துங்கள். பல்லுக்கு முன்னால் நிற்கும் திமில் பல்லைவிட சுமார் 0.65 முதல் 0.8 மி.மீ. தாழ்ந்திருக்க வேண்டும். அதை வெட்டாமல் பல்லை மட்டும் தீட்டிக்கொண்டே போனால் எவ்வளவு கூராக இருந்தாலும் மரத்தைத் தடவும்.

வெட்டு ஒரு பக்கமாக வளைந்துகொண்டு போனால் இடப்பல்லையும் வலப்பல்லையும் வெர்னியரில் அளந்து ஒப்பிடுங்கள். அமெரிக்காவின் ஆரிகனில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ் 1946-இல் ஒரு அடிக்கட்டையில் வண்டின் புழு இடமும் வலமுமாக மாறி மாறி மரத்தைத் தின்பதைப் பார்த்துத்தான் இன்று நாம் மாட்டும் இந்தச் செயினின் பல்லமைப்பை உருவாக்கினார். இரண்டு பக்கமும் சமமாகத் தின்றால்தான் பாதை நேராகப் போகும். வலது கைக்காரர்கள் தீட்டும்போது ஒரு பக்கம் அழுத்தம் கூடிவிடுகிறது. இரண்டு பக்கமும் எத்தனை முறை அரம் ஓட்டினேன் என்று எண்ணிக்கொண்டே தீட்டுவது என் வழக்கம்.

பல் சமமாக இருந்தும் வளைந்தால் பாரைக் கழற்றிக் கண்ணாடி மேல் நிறுத்துங்கள். இரண்டு தண்டவாளங்களில் ஒன்று தேய்ந்திருந்தால் பார் சாய்ந்து நிற்கும். தட்டை அரத்தால் இரண்டையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவாருங்கள், ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறையும் எடுத்துவிடுங்கள். பாரின் சிறு எண்ணெய்த் துளையைக் கம்பியால் குத்தி, வண்டியிலிருந்து வடித்த கழிவு ஆயிலை ஊற்றாமல் சுத்தமான ஆயில் விடுங்கள். கழிவு ஆயிலில் இருக்கும் உலோகத்தூள் ஆயில் பம்பின் பல்லைத் தின்னும். மாட்டியபின் பார் நுனியை ஒரு வெளிர் அட்டைக்கு மேலே ஒரு சாண் தூரத்தில் பிடித்து முழு ரேஸ் கொடுங்கள். அட்டையில் மெல்லிய எண்ணெய்க் கோடு விழுந்த பிறகு மரத்தில் வையுங்கள்.